அமாவாசைக்கு அமாவாசை

என் அம்மாவை அண்ணன்கள் இரண்டு பேரும் பங்கு போட்டபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. காலையிலிருந்து உட்கார்ந்து இடத்தைப் பிரித்தார்கள், மெஷின்களைப் பிரித்தார்கள், இறந்துபோன அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பழைய வேனுக்குக்கூட விலை போட்டுப் பிரித்தார்கள். மீதி இருந்தது அம்மா மட்டும். நடுவில் உட்கார்ந்து பேசி முடித்த எங்கள் தாய்மாமா, கை கழுவ எழுந்தபடியே சொன்னார்.

"அக்கா மாசத்துக்கு ஒருத்தர் ஊட்டுல இருக்கட்டும் சாமி. சனவரி பெரியவன், பிப்ரவரி சின்னவன். யாருக்கும் பாரமில்லை. அதையும் ஒரு வரி எழுதிருங்க."

எழுதினார்கள். ஓவர்லாக் தையல் மெஷின் ஆறு, பேட்லாக் மெஷின் நான்கு, கட்டிங் டேபிள் இரண்டு என்று போன பட்டியலுக்குக் கீழே அம்மா ஒரு வரி. அம்மா அப்போது சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அதைச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது.

அந்தத் தாளில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவது. கல்யாணத்துக்குப் போட்ட நகைதான் பெண்ணுக்குப் பங்கு என்றார்கள். போட்டேன். சாப்பாடு முடிந்ததும் பெரிய அண்ணி ஒரு பட்டுப்புடவை கொடுத்தாள். அந்தப் புடவையை இன்றுவரை நான் கட்டவில்லை. கோபமா, நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டால் இரண்டும்தான்.

பெரிய அண்ணனுக்குத் திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த தையல் யூனிட் வந்தது. சின்ன அண்ணன் தன் பங்கை விற்று முதலிபாளையத்தில் துணியை அழுத்தி அளவாக்கும் காம்பாக்டிங் பட்டறை போட்டான். அந்த இரண்டுக்கும் அடிமுதல் அம்மா. இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவள் அவள். டைலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாள். அப்பா சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது முதல் இரண்டு மெஷின்கள் அவளுடைய தாலிக்கொடியில் வந்தன. மஞ்சள் கயிற்றோடு அவள் வேலைக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு வருடம் முறை ஒழுங்காக ஓடியது. பிறகு பெரிய அண்ணி காலண்டரை எடுத்து எண்ணினாள். சனவரி, மார்ச், மே, சூலை என்று முப்பத்தோரு நாள் மாதமெல்லாம் தன் வீட்டுக்கு வருகிறது, பிப்ரவரியின் இருபத்தெட்டு நாள் சின்னவன் வீட்டுக்குப் போகிறது. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு மூன்று நாள் தனக்கு அதிகம். மூன்று நாள். இதற்குத் தாய்மாமாவை மறுபடியும் சேவூரிலிருந்து வரவழைத்தார்கள். அவரும் வண்டி ஏறி வந்து, தாடையைத் தடவி யோசித்து, இனிமேல் இங்கிலீஷ் மாசம் வேண்டாம், அமாவாசைக்கு அமாவாசை மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அமாவாசையில் பெரிய மாசம் சின்ன மாசம் கிடையாது. நல்ல நாளும்கூட. யூனிட்டில் மெஷினுக்குப் பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்த கையோடு அம்மாவையும் வண்டியில் ஏற்றிவிடலாம்.

அம்மாவுக்கு மறதி தொடங்கியது இதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து. முதலில் உப்பு இரண்டு தடவை போட்டாள். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை, வயது என்றார்கள். பிறகு பேரனை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு நாள் பெரிய அண்ணன் வீட்டில் சமையலறை மூலையில் புடவையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய அண்ணி கத்தியது தெருவுக்கே கேட்டதாம். நான் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சின்ன அண்ணன் வீட்டில் அதே மூலையில்தான் பாத்ரூம் கதவு இருக்கிறது. அம்மா வழியை மறக்கவில்லை. போன மாதத்து வழியில் சரியாகத்தான் போயிருக்கிறாள்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். டிமென்ஷியா என்றார், குணமாகாது என்றார். மாத்திரை எழுதிவிட்டு, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். "எடத்த மாத்தாதீங்க. ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே ஆள் முகம். மாத்திரையைவிட அதுதான் முக்கியம்."

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டியதும் சின்ன அண்ணன், "அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குதுங்ணா" என்றான். அதற்குப் பெரியவன் "ம்" என்றான். அவர்கள் காதில் டாக்டர் சொன்னதில் எது விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நீ ஏன் அழைத்துப் போகவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். எந்த ஆர்டர் எந்தத் தேதிக்குக் கப்பல் ஏற வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் திரும்பும் நேரம் என் கையில் இல்லை. வீடு இரண்டு அறை. அதில் நாங்கள், இரண்டு பிள்ளைகள், என் மாமனார், மாமியார். மாமியார் நல்லவர்தான். ஆனால், "சம்பந்தியம்மா மகன் ரெண்டு பேரு இருக்கையில மக ஊட்டுல வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் ஒதுங்கினேன்.

அமாவாசை வந்தால் அம்மாவே பையை எடுக்க ஆரம்பித்தாள். ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பை. அதில் இரண்டு புடவை, சீப்பு, பழனி விபூதிப் பொட்டலம், பனியனில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. கத்தரியை அண்ணிகள் பிடுங்கி வைத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு வரப்போகும் வண்டிக்குக் காலை ஐந்து மணிக்கே வாசலில் உட்கார்ந்துவிடுவாள். போய்ச் சேர்ந்த வீட்டில் பத்து நாள் யாரையும் தெரியாது, அழுவாள், அடிக்க வருவாள். மெல்ல அடங்கி, அந்த வீட்டுக் கதவு ஜன்னல் பிடிபடும்போது அடுத்த அமாவாசை வந்துவிடும்.

அண்ணிகளை மட்டும் நான் திட்ட மாட்டேன். துணி துவைத்தது அவர்கள், கழுவி விட்டது அவர்கள், அடி வாங்கியதும் அவர்கள்தான். சின்ன அண்ணிக்குக் கையில் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அண்ணன்கள் முறை பேசினார்கள், முறை செய்தது அவர்கள். ஒரு நாள் சின்ன அண்ணிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கியாச்சும் காசு கட்டி வெக்கிற எடமிருந்தாப் பாருங்க. எங்களால முடியலீங்க. அவுங்களுக்கும் இது வேதனைதானுங்க" என்றாள்.

தேடினேன். முதியோர் இல்லங்கள் இருந்தன. ஆனால் நல்ல நினைவோடு, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்குத்தான் இடம். மறதி என்றதும் போனை வைத்தார்கள். கடைசியில் கோவை போகும் வழியில், தோட்டத்து வீடு ஒன்றை மாற்றி நடத்திய ஓர் இல்லம் சரி என்றது. நடத்தியவர் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ அம்மா, முன்பு நர்ஸாக இருந்தவர். எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் அம்மாவைப் போலத்தான். கதவுக்குக் கதவு படம் ஒட்டியிருந்தார். பாத்ரூமுக்கு வாளி, சாப்பாட்டு அறைக்குத் தட்டு.

கட்டணத்தைக் கேட்டதும் பெரிய அண்ணனுக்கு முகம் மாறியது. ஓவர்லாக் டைலர் ஒருவரின் நான்கு வாரச் சம்பளத்தைக் கூட்டினாலும் அதற்கு எட்டாது. முன்பணம் தனி, உடுத்திவிடும் டயாபர் தனி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கட்டிவிட வேண்டும். அண்ணன், வெளியில் உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் பேசும் அதே குரலில் பேச ஆரம்பித்தான்.

"அம்மா கம்மியாத்தானுங்க சாப்புடும். அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுக் குடுங்க."

"சாப்பாட்டுக்கு இல்ல சார் காசு. ராத்திரி பகலா ஆள் நிக்கணும்லா, அதுக்குத்தான்."

"தீவாளிக்கு நாலு நாள் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அந்த நாலு நாள் கழிச்சுக்குவீங்களா?"

"கட்டில் இங்கதான சார் கெடக்கும்" என்றார் அந்த அம்மா. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வேறு வழி இருக்கிறதா என்று அண்ணன் பார்க்காமல் இல்லை. காப்பீட்டு ஏஜென்டைக் கேட்டான். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், அதுவும் இந்த வயதில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள் என்றார் அவர். அம்மாவுக்கு ஓய்வூதியம் ஏதாவது வருமா என்று நான் விசாரித்தேன். இருபத்திரண்டு வருட உழைப்புக்கு ஒரு காகிதம் இல்லை. வேலை பார்த்த கம்பெனிகளில் அவள் பெயரே பதிவேட்டில் இல்லை. லேபர் ஆபீசர் ஜீப்பில் சோதனைக்கு வந்தால் கைமடிப் பெண்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, ஜீப் போன பிறகு கூப்பிடுவார்களாம். அம்மா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், நடுவில் டீ குடிக்க நேரம் கிடைத்தது என்று. பெரிய அண்ணன் யூனிட்டிலும் ஒரு பின்வாசல் உண்டு.

பணம் இல்லாமலும் இல்லை. அந்த வருடம்தான் பெரியவன் தைவான் மெஷின் இறக்கினான், சின்னவன் கார் மாற்றினான். ஆகவே இரண்டு பேரும் பகிர்ந்து கட்டுவது என்று முடிவானது. பாதிப் பாதி என்று விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரியவன் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதிப் பாதின்னா எவன் கொண்டு போய்க் கட்டறது? முறை எழுதியிருக்குதல்ல, அதும்படியே போவட்டும்" என்றான். அதாவது முதல் தேதியன்று யாருடைய அமாவாசை முறை நடக்கிறதோ அவர் கட்ட வேண்டும். அம்மா இரண்டு பேர் வீட்டிலும் இல்லை, ஆனாலும் முறை ஓடும்.

கப்பல் தேதி பார்ப்பது என் பிழைப்பு. அமாவாசை இருபத்தொன்பதரை நாளுக்கு ஒரு தடவை வரும், இங்கிலீஷ் மாதம் அதைவிட நீளம், இரண்டும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. முதலில் அம்மாவுக்கு இடம் கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட இரண்டு அண்ணன்களும் பேனாவை எடுக்கவில்லை. நான் போட்டேன். வாழ்க்கையில் எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் குறைவே வந்ததில்லை.

அம்மா அங்கே நன்றாக இருந்தாள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். முதல் அமாவாசைக்குப் பையை எடுத்து வைத்து வாசலில் உட்கார்ந்தாள். இரண்டாவதற்கும் உட்கார்ந்தாள். அங்கிருந்த ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் பையைப் பிரித்துப் புடவையைப் பழையபடி அடுக்குவாள். நான்காவது அமாவாசையன்று நான் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டுப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துண்டின் ஓரத்தில் பிசிறை விரலால் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். பை ஆணியில் தொங்கியது. என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். நான் யாரென்று தெரியவில்லை. ஆனால் அந்த இடம் தன் இடம் என்று தெரிந்திருந்தது. பாத்ரூமுக்குத் தானாகவே எழுந்து போய்விட்டு வந்தாள். நான் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எட்டாவது மாதம் முதல் தேதியும் அமாவாசையும் ஒரே நாளில் வந்தன.

பதினைந்தாம் தேதி வரைக்கும் எனக்குத் தெரியாது. இல்லத்து அம்மாதான் போன் பண்ணினார். "ஏம்மா, பணம் இன்னும் வரல. ஒங்க அண்ணன்மாரு ரெண்டு பேரையும் கேட்டுட்டேன். நான் இல்ல அவன்னு ஒருத்தரு மேல ஒருத்தரு சொல்லுதாவ. நான் என்ன செய்யட்டும்? எனக்கும் வாடகை இருக்குல்லா" என்றார்.

மத்தியானமே நெருப்பெரிச்சலுக்குப் போனேன். பெரிய அண்ணன் சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டினான். கிழித்த தாளைக்கூடப் பத்திரமாகக் கிளிப்பில் மாட்டி வைத்திருந்தான். "இங்க பாரு பாப்பா. அன்னைக்கு அமாவாசை மத்தியானத்துக்கு மேலதான் பொறக்குது. காலைல அது சின்னவன் முறை. போன மாசமும் நாந்தான் கட்டினேன். ரெண்டு மாசம் நானே கட்டறதுக்கு நானென்ன இளிச்சவாயனா?" என்றான். அங்கிருந்தே சின்னவனுக்குப் போன் போட்டேன். "காலண்டர்ல அன்னைக்கு அமாவாசைன்னுதான போட்டிருக்குது? அமாவாசையன்னைக்கு முறை மாறிரும். எப்பவும் அப்புடித்தான? அவர்தான் கட்டோணும்" என்றான் அவன்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் என் சம்பளத்தோடு கணவர் கொடுத்ததையும் சேர்த்து, அந்த மாதத்துக்கு நானே கட்டிவிட்டேன். ரசீது என் பெயரில் வந்தது. அந்த விஷயம் எப்படியோ பெரிய அண்ணனுக்குப் போய், அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டான். என் மாமனார் மாமியார் முன்னால், நான் கட்டிய தொகையை அப்படியே மேசை மேல் போட்டான்.

"தங்கச்சி காசுல அம்மாளுக்குச் சோறு போட்டானுங்கன்னு நாளைக்கு ஒறம்பரை சொந்தத்துல எவனாச்சும் கேட்டா நான் எங்க போய் நிக்கறது? எங்க அம்மாளப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும்."

மேசை மேல் கிடந்த நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினைந்து நாளாக இல்லத்துக்குக் கட்டுவதற்கு இல்லாத பணம், என் முகத்துக்கு முன்னால் போட ஒரு மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. மாமனார் முன்னால் அண்ணனை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அந்த மரியாதைக்காக இன்றும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன். அடுத்த நாள் காலை அவன் காரை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை அழைத்து வந்துவிட்டான். சொந்த மகன் கேட்கும்போது அனுப்ப மாட்டேன் என்று இல்லத்து அம்மாவால் சொல்ல முடியவில்லை.

மறுபடியும் அமாவாசைக்கு அமாவாசை. முதல் முறை பெரியவன் வீடு. அடுத்த அமாவாசைக்கு முதலிபாளையம். அங்கே போன ஐந்தாம் நாள் காலையில் அம்மாவைக் காணவில்லை. சின்ன அண்ணி பட்டறை, பஸ் நிறுத்தம், கோயில் என்று ஓடினாள். நான் வேலையை விட்டுவிட்டு ஓடினேன். பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து ஒரு செக்யூரிட்டி போன் பண்ணினார். அம்மாவின் பைக்குள் இல்லத்து ஆயா என் போன் நம்பரை எழுதித் தைத்து வைத்திருந்தாள். அந்த ஒரு வேலையை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யவில்லை.

அம்மா வருடக்கணக்காக வேலை பார்த்த பழைய கம்பெனி அது. முன்வாசலில் இல்லை, பின்வாசலில், வெயிலில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம் எந்த பஸ்ஸில் வந்தாள், யார் ஏற்றிவிட்டார்கள், எதுவும் தெரியாது. செருப்பு இல்லை. பாதம் கொப்புளமாகியிருந்தது. உள்ளே வரச் சொல்லிப் பெண்கள் கூப்பிட்டதற்கு, "ஜீப்பு போகட்டுங்க" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாய்மாமா வந்தார். பெரிய அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா மூலையில், காலில் கட்டோடு. மாமா நேராக என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"ஏங்கண்ணு, எட்டு மாசமா உன்ற ஊட்டுல அக்காளை நல்லாத்தான வெச்சிருந்த. அப்புறம் எதுக்கு இவிங்ககிட்டத் திருப்பிக் கொண்டாந்து உட்ட?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அண்ணன்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது. அம்மாவை இல்லத்தில் விட்டிருக்கிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, எட்டு மாதமாக உறவு முழுவதும் அம்மா என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணம் காட்சியில் என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் ஏன் என் கையைப் பிடித்து "நீதான் கண்ணு நல்ல புள்ள" என்றார்கள் என்பதும் விளங்கியது.

அன்று நான் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

"ஏனுங்கண்ணா, ஊருக்கு அம்மா என்ற ஊட்டுலதான இருந்துச்சு? என்ற ஊட்டுல இருக்கிற அம்மாளுக்கு நான் காசு கட்டினா உங்க மானம் எப்புடிப் போகும்? நான் சோறு போடறேன்னு நீங்க சொல்லலாம், நான் நெசமாவே போடக் கூடாதுங்களா?"

பெரிய அண்ணன், "பாப்பா, சத்தம் போடாத" என்றான்.

"எட்டு மாசம் சத்தம் போடாமத்தானுங்க இருந்தேன். மாமா, நீங்களும் கேளுங்க. மூணு நாளு கூட வருதுன்னு அமாவாசைக்கு மாத்திக் குடுத்தீங்க. அந்த அமாவாசை மத்தியானம் பொறக்குதா காலைல பொறக்குதான்னு சண்டை போட்டு அம்மாளை ரோட்டுல உட்டாச்சு. அந்தத் தாளுல எழுதின வரிய அடிச்சுருங்க. இனி அம்மா யாரு முறையும் கெடையாது."

மாமா வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "பொண்ணு கட்டறதுன்னா ஊரு ஒரு மாதிரி பேசுமே சாமி" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மூடியைத் தேடியே எட்டு மாதம் போயிருந்தது. நான் எழுந்து அம்மாவின் பையைத் தூக்கினேன். யாரும் தடுக்கவில்லை. வெளியே வரும்போது சின்ன அண்ணி மட்டும் ஓடி வந்து, பிடுங்கி வைத்திருந்த பிசிறுக் கத்தரியை என் கையில் கொடுத்தாள். முனையைப் பழந்துணியால் சுற்றியிருந்தாள்.

அம்மாவை மறுபடியும் அதே இல்லத்தில் சேர்த்தேன். கட்டணம் எப்படிக் கட்டினேன் என்றால், என் பங்கு என்று சொன்னார்களே, அந்தக் கல்யாண நகையில் இருந்த நான்கு வளையலை விற்கத் தொடங்கினேன். முதலில் இரண்டு. மாமியார்தான், கடைக்கு நான் கிளம்பும்போது, எடை சரியாகப் போடுகிறானா என்று பார்க்கக் கூடவே வந்தார். அதன் பிறகு சின்ன அண்ணன் மூன்று தடவை பணம் அனுப்பினான், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி. வாங்கிக்கொண்டேன். பெரியவன் அனுப்பவில்லை. ஆனால் அவன் மகன் கல்யாணத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சி வீட்டில் படுத்திருக்கிறாள் என்று மேடையில் நின்று சொன்னான். நான் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாம்பாரில் உப்புக் குறைவு.

இல்லத்தில் பழைய கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டது. எதிர்ப்பக்க அறையில்தான் இடம் இருந்தது. பாத்ரூம் இப்போது இடது பக்கம். அம்மா வலது பக்கமே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாள் என்றார் இல்லத்து அம்மா. அடங்கும், நாளாகும் என்றார். அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. பையை ஆணியில் மாட்டினால் அம்மா இறக்கிவிடுகிறாள். இப்போது அமாவாசை என்று இல்லை, தினமும் வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

திரும்பச் சேர்த்த இரண்டாவது மாதம் நான் போன அன்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பேரப்பிள்ளைகளை மறந்திருந்தாள், என் அப்பா இறந்ததை மறந்திருந்தாள், அன்று காலையில் சாப்பிட்டதை மறந்திருந்தாள்.

"ஏனுங்க, என்னயக் கூட்டிட்டுப் போறதுக்கு வந்தீங்களா? இந்த மாசம் யாரு முறைங்க?"

"உங்க மக முறைங்க" என்றேன்.

அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். விவரம் தெரியாத ஆளுக்குச் சொல்வது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எம்மகளுக்கு முறை கெடையாதுங்க. அவளுக்குத்தான் ஒண்ணுமே பங்கு குடுக்கலீங்களே."